பின்பக்கத்தையும் படித்த அம்மையாருக்கு

நான்காம் எண் கவுன்ட்டரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் அமர்ந்திருந்த அம்மையீர்! வரிக்கழிவு விண்ணப்பங்களின் வரிகளுக்கு நடுவே வாழ்வின் வலியையும் வாசித்த பெருந்தகையீர்! எந்த ஆண்டின் எந்தச் சுற்றறிக்கை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னதால் 'சுற்றறிக்கை அம்மா' என்று எங்களால் அன்போடும், சில நாள் அச்சத்தோடும் அழைக்கப்பட்டவரே! பணிநிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் ஒன்றுகூடித் தங்கள் முன் வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் நிறையை மட்டும் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். ஆனால் இதை எழுத நாங்கள் உட்கார்ந்த அன்றே தாங்கள் எங்கள் மேசைக்கு வந்தீர்கள். "எழுதறதா இருந்தா நான் பண்ணின தப்பையும் சேர்த்து எழுதுங்க. இல்லேன்னா ஃபிரேம் போட்டுக் குடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தங்கள் சொல்லைத் தட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே சொல்கிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன் ஒரு முற்பகல். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய், அதிகாலை வேலை முடிந்து, வீட்டிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு நம் வரிசையில் வந்து நின்றார். கைவிரல்கள் சோப்பு நீரில் ஊறி வெளுத்திருந்தன. இடுப்பில் எட்டு வயது மகள். பிறந்தபோதே மூளை முடக்குவாதம். நடக்க வராது, பேச்சில் பாதிதான் பிறருக்குப் புரியும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்குச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்து, மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிற ஏற்பாடு நம் அலுவலகத்தின் வழியாகத்தான் நடக்கிறது. அதை நம்பித்தான் அவர் மகளை வாரம் இருமுறை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்.

எட்டு மாதங்களுக்கு முன் அது நின்றுபோயிருந்தது. மருத்துவச் சான்றிதழுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள், காலாவதியாகிவிட்டது, மருத்துவக் குழுவிடம் புதிதாக வாங்கி வர வேண்டும் என்று நிறுத்தியவர் தாங்கள். மருத்துவக் குழுவில் தேதி கிடைக்கவே ஏழு மாதம் ஆயிற்று. தேதி கிடைத்த அன்று பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல். மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போ என்றார்கள். கணவர் தொலைதூர லாரி ஓட்டுநர்; மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிசியோதெரபி வாரம் ஒன்றாகி, பிறகு இல்லாமலே போயிற்று. அன்று காலை மகளுக்கு உடை மாற்றும்போது முழங்கால் முன்போல நீளவில்லை என்பதைக் கண்டுதான், வேலைக்கூடத்தின் ஈரம்கூடக் காயாமல் அவர் நம் கவுன்ட்டருக்கு வந்திருந்தார்.

தாங்கள் விதியைச் சொன்னீர்கள், வழக்கம்போலப் பொறுமையாகத்தான். அவர் சத்தம் போடவில்லை. சான்றிதழை விரித்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"டாக்டர் நிரந்தரம்னு எழுதியிருக்காரு மேடம். மூணு வருஷத்துல சரியாயிடும்னு உங்க ரூல் சொல்லுதா? அப்படின்னா சொல்லுங்க. சந்தோஷமா வீட்டுக்குப் போயிடறேன்."

அந்தச் சான்றிதழைத் தாங்கள் இரண்டுமுறை படித்தீர்கள்.

அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே அலமாரியைத் திறந்தீர்கள். மூன்றாண்டு விதியைச் சொல்லும் அந்தச் சுற்றறிக்கை ஒரே தாள். கடைசி வரி பாதியில் நின்றது, முற்றுப்புள்ளி இல்லை. ஆறு ஆண்டுகளாக அதை நாங்கள் எல்லோரும் புரட்டியிருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் அந்தப் புள்ளி இல்லாதது படவில்லை. மறுநாள் விடுப்பெடுத்துத் தலைமையகத்துக்குப் போய் மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள். இரு பக்கமும் அச்சான தாள் அது. நிரந்தரக் குறைபாடு என்று ஒருமுறை மருத்துவர் எழுதிவிட்டால் சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்று பின்பக்கத்தில் பளிச்சென்று இருந்தது. நம் அலுவலகத்துக்கு ஒருபக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வந்து கோப்பில் வைத்தவர் யார் என்று நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் தங்கள் சுருக்கொப்பம் இருந்தது.

அப்போதைய மேலாளர் நல்ல மனிதர்தான். தங்கள் மேல் அக்கறையும் உள்ளவர். இனி வருபவர்களுக்குச் சரியாகச் செய்துவிட்டால் போதும், பழையதைக் கிளறினால் விளக்கக் கடிதம் கேட்பார்கள், கைக்கு எட்டிய பதவி உயர்வு தட்டிப்போகும் என்று கதவைச் சாத்திவைத்துச் சொன்னார். சாத்திய கதவுக்கு வெளியே எங்கள் காதுகள் இருந்தன. "ஏற்கெனவே திருப்பி அனுப்பினவங்களும் இனி வரப்போறவங்கதான் சார். அவங்களுக்குத்தான் அது தெரியாது" என்றீர்கள்.

பதவி உயர்வு தட்டித்தான் போயிற்று. தங்களிடம் வேலை பழகியவர்கள் மாடியறைக்குப் போனார்கள். தாங்கள் கீழேயே இருந்தீர்கள்.

முதலில் அந்தத் தாயின் வீட்டுக்குத்தான் போனீர்கள். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. உலர்த்திய துணிகளுக்கு நடுவே, சுவரோரம் தலையணை முட்டுக்கொடுத்து மகள் அமர்ந்திருந்தாள். தவறு தங்களுடையது என்று நின்றபடியே சொன்னீர்கள். அவர் நெகிழ்ந்துவிடவில்லை. பின்னாளில் எங்களிடம் அவரே சொன்னார்: கோபம் எட்டு மாதமாக யார்மேல் போவதென்று தெரியாமல் இருந்தது, அன்று அதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது என்று.

"பணம் வந்துடும், சரி. இவ கால் இறுகிப்போச்சே. அதுக்கு எந்த ஃபாரம் போடணும்?" என்று கேட்டார்.

"அதுக்கு ஃபாரம் இல்லம்மா" என்றீர்கள். புறப்படச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை, உட்காரச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் மகள்தான் தன் பாதிப் பேச்சில் ஏதோ சொன்னாள். தாய் மொழிபெயர்த்தார்: "தண்ணி குடுக்கச் சொல்றா உங்களுக்கு."

அதன்பின் ஆறு வருடக் கோப்புகளைப் புரட்டி, அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட நாற்பத்தேழு குடும்பங்களைத் தேடி எடுத்தீர்கள். எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் 'இது எங்கள் பிழை' என்பதே முதல் வரி. வீடு மாறிப்போனவர்களை அவர்கள் வேலைபார்த்த இடங்களில் விசாரித்துக் கண்டுபிடித்தீர்கள். ஒரு வீட்டில் பிள்ளை உயிரோடு இல்லை. மற்ற நாற்பத்தாறு பேருக்கும் நின்றது மீண்டும் கிடைத்தது, விட்டுப்போன மாதங்களோடு.

சலவைக்கூடத் தாயின் மகளுக்குப் பிசியோதெரபி மறுபடி தொடங்கியது. இழந்ததில் பாதிதான் திரும்பியது என்பதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் தாங்களே. வலது முழங்கால் இன்றும் முழுதாக நீளாது.

கடந்த மாதம் அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால் உதவித்தொகை இனி அவள் பெயரிலேயே வரவேண்டும், புதிய விண்ணப்பம். இத்தனை ஆண்டும் தாயின் கையொப்பம் இருந்த இடத்தில் 'விண்ணப்பதாரர்' என்று இருந்தது. பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தாய் கூசிப்போய், "நானே போட்டுடறேன் மேடம், ஆளுங்க நிக்கிறாங்க" என்றார்.

"நிக்கட்டும்மா. அவ பேரு, அவ போடட்டும்" என்று சொல்லி, தாள் நகராதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டீர்கள். பேனா இரண்டுமுறை விழுந்தது. வரிசையில் முதலில் நின்றவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கட்டத்தைத் தாண்டி, முத்திரைக்கான இடத்தையும் விழுங்கி, அந்தப் பெண் தன் பெயரை முழுதாக எழுதி முடித்தாள். முத்திரையைத் தாங்கள் ஓரத்தில் குத்தினீர்கள்.

அம்மையீர்! பிழையே செய்யாதவர் என்று தங்களைப் புகழ எங்களால் இயலாது. புகழ்ந்தால் தாங்கள் ஏற்கவும் மாட்டீர்கள். செய்த பிழையின் வாசல்வரை நடந்து சென்றவர் என்றே போற்றுகிறோம். இனி எந்த வரிசையும் தங்கள் முன் நிற்காத காலைகள் வாய்க்கட்டும். உணவு ஆறுமுன் உண்ணும் மதியங்கள் அமையட்டும். உடல் நலமும் உள்ள நிறைவும் உற்றார் அன்பும் சூழ, நெடுங்காலம் தாங்கள் நிம்மதியாக வாழ வாழ்த்துகிறோம்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
நான்காம் கவுன்ட்டரில் இனி யாரை அமர்த்துவது என்று இன்றுவரை முடிவு செய்ய முடியாத
அலுவலகப் பணியாளர்கள்