மூன்று கூடை எரு

— முனவ்வர் பீபி, இன்னைக்குப் புதினாப் பாத்தியில கை வெச்சீங்களா?

— இது இன்னா நேரம், எல்லம்மா? மத்தியானத்துலயே தோல் ஷாப்பை விட்டுட்டாங்களா?

— சாப்பாட்டு மணிக்கு ஓடியாந்தேன். கேட்டதுக்குச் சொல்லுங்க.

— மொதல்ல மூச்சு விடு. என் மக சைராவைப் பொண்ணு பாக்க வாலாஜாபேட்டையிலருந்து இருபது பேர் வர்றாங்க. பிரியாணி தேக்ஸா அடுப்புல ஏறிடுச்சு. எனக்கு நிக்க நேரமில்ல.

— அப்ப தேக்ஸாவுல போட்டுட்டீங்களா?

— எதை?

— புதினாவை, தாயே.

— கதவைச் சாத்து. எங்க மாமியாருக்குக் காது ஜாஸ்தி. இப்ப சொல்லு.

— தோல்லருந்து வழிச்ச மயிரு மூணு கூடை கொண்டாந்து உங்க பாத்தியில கொட்டுனேனே.

— எருவுக்குக் கொட்டின. பதினஞ்சு நாள் இருக்கும். அப்புறம்தான் புதினா முழங்கால் ஒசரம் எழுந்துச்சு.

— அது ஷாப்புல தோலு ஊறப்போடற மேக்கால குழி மயிரு. எப்பவும் கெழக்கால குழியிலதான் அள்ளுவேன், வெறும் சுண்ணாம்பு. அன்னைக்கு இடுப்பு வலி. கிட்ட இருக்குதேன்னு மேக்கால அள்ளிட்டேன்.

— ரெண்டும் ஒண்ணுதானே?

— ஒண்ணாதான் இருந்துச்சு. இப்ப சண்டைக்குப் போற பட்டாளத்துக்கு பூட்ஸ் தோலு அவசரமாம். பத்து நாள் ஊறுற தோலை மூணு நாள்ல எடுத்துடறாங்க. எப்படின்னு மேஸ்திரி தனகோடி இன்னைக்குத்தான் வாயத் தொறந்தாரு. மேக்கால குழியில செவப்பா ஒரு பொடி கலக்கறாங்களாம். பாஷாணமாம், பீபி.

— முந்தாநாள் என் பொட்டக்கோழி செத்துச்சு. எப்பப் பாத்தாலும் அந்தப் பாத்தியைத்தான் கிளறிக்கிட்டு இருக்கும். வெயிலுன்னு நெனச்சேன்.

— ஐயோ, இருபது பேரு. தோல் ஷாப்புக்காரி வெஷம் வெச்சிட்டான்னு என்னைத்தான் இழுத்துக்கினு போவாங்க. தேக்ஸாவைக் கவுத்துடுங்க பீபி, உங்க காலைப் பிடிக்கிறேன்.

— எழுந்திரு. தேக்ஸாவுல இருக்கறது சந்தைப் புதினா.

— நெஜமாவா?

— அல்லா மேல. எரு கொட்டின நாள்லருந்து நம்ம பாத்தி எலையை இந்த வீட்டுல ஒருத்தரும் வாயில வெக்கலை. தோல் நாத்தம் வருது, அடுப்பங்கரைக்குள்ள கொண்டாராதேன்னு மாமியார் சொல்லிட்டாங்க. எனக்கு அன்னைக்கெல்லாம் கோவம்.

— அந்த மூக்கை எத்தினி வாட்டி திட்டியிருப்பேன், நான் வாசல்ல வந்தாலே முந்தானையில மூடிக்குதுன்னு. இன்னைக்கு அதுக்குக் கற்பூரம் ஏத்தலாம்.

— சிரிக்காதே. அந்தப் பொடி ஆளை எப்படிப் பிடிக்கும்? மேஸ்திரி சொன்னாரா?

— மொதல்ல வாந்தியாம். அப்புறம் பாதம் எரியுமாம். அதைக் கலக்கற ஆளு ஒரு வாரமா பாயை விட்டு எழுந்திருக்கலை. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?

— சும்மாதான். உன் மக மீனாம்பாள் வந்திருக்காளே, எப்படி இருக்கா?

— அவளுக்கு இன்னா, ஆறாம் மாசம். நின்னுபோன வாந்தி திரும்ப வந்திருக்கு. பொட்டப் புள்ளைக்குத்தான் இப்படி பேஜார் பண்ணும்னு எதிர்வீட்டுக்காரி சொல்றா.

— பாதம்?

— பாதமா? ஈரத்துணி சுத்திக்கினு படுத்துக் கெடக்கறா. புள்ளத்தாச்சி சூடு. மணி அடிச்சுடுவான், வர்றேன். அந்தப் பாத்தியைக் கொத்திப் பொதைச்சிடுங்க. ஆமா, இங்க யாரும் தின்னலைன்னா அவ்ளோ எலையும் எங்க போச்சு? வர்றப்பப் பாத்தேன், பாத்தி மொட்டையா கெடக்குது. கிள்ளின காம்பை மறுபடி நட்டு வெச்சிருக்கீங்க.

— உக்காரு, எல்லம்மா.

— நின்னுக்கினே கேக்கறேன். சொல்லுங்க.

— நீ விடியக்காலம் ஷாப்புக்குப் போனதும் மீனா செவுத்தாண்ட வந்து நிப்பா. புதினாத் தொவையல் வெச்சாதான் ரெண்டு வாய் எறங்குதுன்னா. எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பெரிய வீட்டுல கையேந்துனியான்னு அடிக்கும்னா. எலை வீணாப் போவுதேன்னு தெனம் ஒரு கட்டு குடுத்தேன்.

— நேத்தும் குடுத்தீங்களா?

— நேத்து வாந்தி ஜாஸ்தியா இருக்கு, ரெண்டு கட்டா குடுங்கன்னா.