பிளக்குக்கு வைத்த பொட்டு

திருவொற்றியூரில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த கார் டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கார்ல புது ஸ்பார்க் பிளக்கு, புது ஒயரு, எல்லாம் நானே மாட்னேன் மாமு. நாலு பிளக்குக்கும் சந்தனம் குங்குமம் கூட வெச்சேன். வண்டி இருமிகினே கீது. நாளிக்கு மொதலாளி பொண்ணு கண்ணாலம். வண்டி நின்னா என் வேலை பூடும்.”

“பொட்டு எங்க வெச்ச?”

“நெருப்பு வர்ற நுனில. அது தானே வேலை செய்யுது?”

“ஈரச் சந்தனத்துல நெருப்பு எப்டி நைனா வரும்? பெட்ரோல் போட்டுத் தொடச்சுடு.”

“சாமிக்குன்னு வெச்சத தொடைக்கறதா?”

“பானெட்டுல பெருசா வெய்யி. சாமி அங்கேர்ந்து பாத்துக்கும்.”

கார் டிரைவர் சட்டென்று எழுந்தார். டோல்கேட் வருவதற்கு முன்பே இறங்கி, வந்த வழியே வேகமாக நடந்தார். அந்த வண்டி நல்லபடியாகக் கிளம்ப வேண்டும் என்று நானும் முருகனை வேண்டிக்கொண்டேன்.