இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

— இன்னும் பசை தடவலையாம்மா? அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க.

— தடவ மாட்டேன்.

— என்னது?

— உன் ஆராய்ச்சிய நான் பைண்ட் பண்ண மாட்டேன்னேன். நாலு காப்பியும் மேஜை மேலதான் கிடக்கு. தூக்கிட்டு எதிர்க் கடைக்குப் போ.

— இன்னிக்குத்தாம்மா கடைசி நாள். விளையாடாத.

— யாருடி விளையாடுறது? இருபத்திரண்டு வருஷமா யுனிவர்சிட்டி வாசல்ல கடை வச்சிருக்கேன். புழுவப் பத்தி எழுதினவன், பூகம்பத்தப் பத்தி எழுதினவன், எல்லாருக்கும் அட்டை போட்டது இந்தக் கைதான். பக்கம் மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொரு அத்தியாயத்துலயும் கடைசி வரியப் படிச்சுட்டுத்தான் அடுத்தத அடுக்குவேன். உனக்குத் தெரியும்தானே?

— தெரியும்.

— தெரிஞ்சுமா என்கிட்ட கொண்டுவந்து குடுத்த? இருநூத்துப் பதினாலாம் பக்கம், கடைசி வரி. நீயே படி. எனக்கு வாய் வரல.

— அம்மா...

— படிடி.

— "ஆகவே, இந்தப் பதினோரு மரணங்களுக்கு எந்த ஒரு தனி அமைப்பையும் பொறுப்பாக்க இயலாது."

— பதினோரு பேர்ல ஒருத்தன் யாரு?

— அண்ணன்.

— பரவால்லையே, ஞாபகம் இருக்கே. நான் மறந்துட்டியோன்னு பார்த்தேன். என்ன சொல்லிட்டு இந்தப் படிப்புல சேர்ந்த? "உலகம் பூரா நாடுங்க ஒண்ணாச் சேர்ந்து சட்டம் போடுதும்மா, அந்தச் சட்டம் எங்க ஓட்டையாச்சுன்னு கண்டுபிடிக்கப் போறேன், அண்ணனக் கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கப் போறேன்"னு சொன்னியா இல்லையா? ஆறு வருஷம்டி. கண்ணாலம் வேணாம், வேலை வேணாம். கண்டுபிடிச்சு எழுதியிருக்கா பாரு, யாரும் இல்லையாம்.

— யாரும் இல்லன்னு எழுதலம்மா. தனியா ஒருத்தர் இல்லன்னு எழுதியிருக்கேன்.

— தெரியாமத்தான் கேக்குறேன், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? செத்தவனுக்குப் புரியிற மாதிரி சொல்லு.

— கடல்ல ஒரு கோடு இருக்கு. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு நாட்டோட மீட்பு நிலையம், அந்தப் பக்கம் இன்னொரு நாட்டோடது. அண்ணன் வெளிநாட்டுக்குப் போன படகுல இன்ஜின் நின்னு தண்ணி ஏறுது. முதல் நிலையத்துக்குப் போன் போடுறான். நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க, அவங்களக் கூப்பிடுங்கன்னு சொல்றாங்க. அங்க போட்டா, நீங்க இந்தப் பக்கம்தான் இருக்கீங்கன்னு பதில்.

— அவனுங்க பொய் சொன்னானுங்க. அத எழுது.

— பொய் சொல்லலம்மா, அதான் கொடுமை. காத்து படக அங்கிட்டும் இங்கிட்டுமாத் தள்ளிட்டே இருந்திருக்கு. ரெண்டே கால் மணி நேரத்துல நாலு தடவை கோட்டத் தாண்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் சொன்னதும் சரி.

— சரியாச் சொல்லிச் சொல்லியே கொன்னிருக்கானுங்க.

— ஆமா.

— அப்ப அந்த வார்த்தையப் போடு. கொன்னானுங்கன்னு போடு. உங்க சார் வேணாங்குறாரா? அந்த ஆளு ஏசி ரூம்ல உக்காந்து எடுடின்னா நீயும் எடுத்துருவியா?

— சார எதுக்கு இழுக்குற? அவர் இந்த வரியத்தான் எடுக்கச் சொன்னாரு. "ரெண்டு நிலையமும் பொறுப்புன்னு நேரா எழுதும்மா, ஆதாரம் இருக்கே"ன்னு மூணு தடவை சொல்லிட்டாரு. நான்தான் எடுக்கல.

— நீயா?

— நான்தான்.

— அடிப்பாவி. அவரே எழுதுன்னாரு, நீ மாட்டேன்னியா? என்னடி பயம் உனக்கு? வேலை கிடைக்காதுன்னா? வெளிநாடு போக விட மாட்டாங்கன்னா?

— நாலு வருஷம் மனு மேல மனு எழுதி, அண்ணன் அன்னிக்குப் போட்ட போன் பட்டியல வாங்கினவ நான். பயந்தவளா இருந்தா வாங்குவேனா? பேசத் தெரிஞ்சு பேசும்மா.

— சரி, பட்டியலப் பத்தியே பேசுவோம். இதோ, அட்டவணை ஆறு. அதையும்தான் பார்த்தேன். ஏழு போன் போட்டிருக்கான். முதல் நிலையத்துக்கு மூணு, ரெண்டாவதுக்கு மூணு. ஏழாவதுக்கு நேரா "பிற"ன்னு போட்டிருக்க. அது யாரு?

— அது... வேற ஒரு இடம். அத விடும்மா.

— ஏன் விடணும்? பன்னெண்டு நாப்பதுக்கு, நாலு நிமிஷம் பேசியிருக்கான். மத்ததெல்லாம் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். இதுதான் கடைசி, இதோட சார்ஜ் தீர்ந்துருச்சுன்னு கீழ பொடி எழுத்துல நீதான் எழுதியிருக்க. பதில்ங்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்க பாரு: "வேறு நிலையத்தை அழைக்குமாறு கூறப்பட்டது." அதே பாட்டு. இவனும் தள்ளித்தான் விட்டிருக்கான். அந்த ரெண்டு பேருக்காவது ஒரு கோடு இருந்துச்சு. நாலு நிமிஷம் கதை கேட்டுட்டுத் தள்ளி விட்டானே, இவனுக்கு எந்தக் கோடு?

— அவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

— யாருக்கு வக்காலத்து வாங்குற? எனக்கு வயிறு எரியுது. ஏழு போன் போட்டிருக்கான், பெத்தவளுக்கு ஒண்ணு போடத் தோணல அந்தத் தடியனுக்கு. செத்தவன் மேல கோவப்படக் கூடாதும்பாங்க. நான் ஆறு வருஷமாப் படுறேன். அம்மான்னு ஒரு வார்த்தை. அதுக்கு வேண்டிய நேரத்தையும் இந்த ஏழாவது ஆளு தின்னுட்டான். அவன நீ "பிற"ன்னு போட்டு ஒளிச்சு வைக்கிற.

— அம்மா, போதும். மணி நாலாகப் போகுது.

— நாலாகட்டும், நாப்பதாகட்டும். "பிற"ங்கிறத அடிச்சுட்டு அங்க ஒரு பேரு எழுது. எனக்கு ஒரே ஒரு பேரு போதும். எழுதினா இப்பவே பசை தடவி, அட்டை போட்டு, தங்க எழுத்தும் அடிச்சுத் தரேன். எழுதலையா, நாலு காப்பியையும் கட்டிங் மெஷின்ல குடுத்துருவேன்.

— பேரு போட ஆராய்ச்சியில விதி இல்லம்மா.

— விதியப் பத்தி இந்தக் கடையில நீ பேசாத. இந்தா பேனா.

— பேனாவக் கீழ வை.

— எழுதுடின்னா.

— ...குடு.

— அப்படி வா வழிக்கு. தெளிவா எழுது, கிறுக்காத. எங்க, காட்டு. கண்ணாடி எங்க வச்சேன்... என்னடி இது? பேரு கேட்டா உன் கையெழுத்தப் போட்டிருக்க? கையெழுத்து முதல் பக்கத்துலதான் போடணும்.

— அது கையெழுத்து இல்லம்மா.

— பின்ன?

— அன்னிக்கு நீ கட்டிங் மெஷின ஓட்டிட்டு இருந்த, உன் போன் என் கையில இருந்துச்சு. அம்மாகிட்ட குடு, அம்மாகிட்ட குடுன்னு நாலு நிமிஷமும் அண்ணன் உன்னத்தான் கேட்டான். நீ பயந்துருவ, சார்ஜ வீணாக்காத, திரும்பவும் மீட்பு நிலையத்துக்கே போடுன்னு சொல்லி நான்தான் போன வச்சேன்.