மூன்றாவது கிளையின் ஓரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடப்பது உடம்புக்கு நல்லது, ஐயா. அன்று நான் நடந்தது லேப் வரைக்கும்தான்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசையில் என் மைத்துனன் வடிவமைத்த மைக்ரோவேவ் ஃபில்டர் போர்டு இருந்தது. தாழ்ந்த அதிர்வெண் அலைகளைப் போகவிட்டு உயர்ந்தவற்றை மறிக்கும் செம்புக் கோடு, அதிலிருந்து பிரியும் கிளைகள். விசாரணைக் குழுத் தலைவருக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. அதே வேலைக்கு நான் செய்தது தீப்பெட்டி அளவு, அவனுடையது கட்டைவிரல் நகம். கிளைகளை மடித்து மடித்து நெருக்கி வைத்திருந்தான். இரண்டில் ஒன்றுதான் ரேடாருக்குப் போகும். அதைச் செய்தவர்தான் அடுத்த பிரிவுத் தலைவர். மனைவியின் தம்பி முன்னால் நான் கைகட்டி நிற்பதா? வீட்டிலோ, நான் சாப்பிட உட்கார்ந்தாலே, "எதையும் சின்னதாப் பண்றதுல என் தம்பி கெட்டிக்காரன்" என்பாள் மனைவி. வயிறு எரியாதா?

மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, பிளேடு முனையால் மூன்றாவது கிளையின் ஓரத்தில் ஓர் இழை செம்பைச் சுரண்டினேன். பாழாகிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

சாப்பிட்டு வந்து அவன் முதன்முறையாக அளந்தான். திரையில் கோடு சரியான இடத்தில் செங்குத்தாக இறங்கியது. கிளைகளை அளவுக்கு மீறி நெருக்கியிருந்தான் போல. ஒட்டுச்சுவர் வீட்டுச் சண்டை கேட்பதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அலை கசிந்திருக்கும். நான் சுரண்டியதில் இடைவெளி அகன்று கசிவு நின்றுவிட்டது. கெடுக்கப் போய்ச் சீராக்கிவிட்டேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். அவன் வரைபடத்தை வைத்துப் பிறகு செய்த போர்டுகள் ஒன்றுகூடத் தேறவில்லை. வரைபடத்தில்தான் சுரண்டல் இல்லையே. நீங்கள் முதல் போர்டைப் பார்த்துவிட்டு, அவனே திருட்டுத்தனமாகச் சுரண்டி ஏமாற்றினான் என்று வேலையைவிட்டு நீக்கப் போகிறீர்கள். பையன் துரும்பாக இளைத்துவிட்டான்.

"அத்தான், நான் கைவைக்கவே இல்ல. நீங்களாவது நம்புங்க" என்றான்.

நம்புவதாகச் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. மனைவி அழுதுகொண்டே பரிமாறினாள். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று நீங்கள் அந்தச் சுரண்டலைக் காட்டி, "ஏதோ கத்துக்குட்டி வேலை" என்றீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுரண்டியது நான்தான், ஐயா. அவனை விட்டுவிடுங்கள். வரைபடத்தில் அந்தச் சுரண்டலைச் சேர்த்து மறுபடி செய்து பாருங்கள், எல்லாம் தேறும். கீழே, வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். அவன் பெயரும் இருக்கட்டும், சின்னதாக.