வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு கரும்பலகை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிக்கொண்டிருந்த அந்த மத்தியான பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், ஒரு புருஷன், அவன் பெண்டாட்டி, பின் சீட்டில் நான், அவ்வளவு பேர்தான். புருஷன் பெண்டாட்டி நடுவில் ஒரு புதுக் கரும்பலகை நின்றது. வளைவில் சாய்ந்து உடைந்துவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு.

“பலகைக்கும் டிக்கெட் எடுக்கணும்மா” என்றார் கண்டக்டர்.

“பலகை இல்லண்ணே, பள்ளிக்கூடம். வூட்டுக்கு எடுத்துக்கினு போறோம்” என்றாள் அவள்.

கண்டக்டர் சிரித்தார். புருஷன் சிரிக்கவில்லை.

“பாப்பாவுக்கு இடுப்பு எலும்பு சரியாவ ரெண்டு வருஷம் ஆவும், அதுவரைக்கும் நடக்கக் கூடாதுன்னாரு டாக்டரு. சரி. இத எங்க மாட்டுவ? இருக்கறது ஒரு ரூமு, அதுல பாதி சாமை மூட்டை.”

“மூட்டைய மூலையில அடுக்கிட்டு, கட்டில ஜன்னலாண்ட போட்டுடுவேன். படுத்துக்கினே பார்க்கட்டும். நோட்டு, புக்கெல்லாம் உறியில தொங்கவுட்டா எலி கடிக்காது.”

“டீச்சரு யாரு?”

“நாந்தான்.”

“நீயே அஞ்சாவதுதானடி!”

“அவ மூணாவதுதான முடிச்சிக்கிறா? எங்கிட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் சரக்கு கீது.”

வண்டி மேகத்துக்குள் நுழைந்தது. ஜன்னலெல்லாம் வெளுத்துப்போய், மலையே இல்லாத மாதிரி இருந்தது.

“அதுக்குள்ள அவ நடக்கலன்னா?” என்றான், மெதுவாக.

அவள் முந்தானையால் பலகையின் ஈரத்தை வெகுநேரம் துடைத்தாள்.

“ஆறாவது புக்கு ரெண்டா வாங்கிக்கினு வா. நானும் அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்.”