பாறையில் ரிங் போகிறது

மாலை நாலே காலுக்குப் பூண்டியைத் தாண்டியதும் மூடுபனி அடைத்துக்கொண்டது. கிளாவரை மலைக்கிராமத்துக்குப் போகும் பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. என் முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள்.

"ஆராய்ச்சித் தலைப்பை மாத்திருடி. பிள்ளைங்க விழுந்துரும்" என்றாள் மூத்தவள்.

"மலைக்கிராமத்துல செல்போன் வழிக் கல்வி. நல்ல தலைப்புன்னு கைடே சொன்னாருக்கா."

"அவரு மதுரையில உக்காந்திருக்காரு. கிளாவரையில டவர் எங்க கெடைக்கும்?"

"பள்ளத்தோரப் பாறையில மட்டும்."

"உன் கேள்விக்கு அஞ்சு மணிக்குள்ள போன்ல பதில் அனுப்பணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கியே!"

இளையவள் ஒரு மாணவியின் எண்ணை அழைத்தாள்.

"ரிங் போகுதுக்கா. எடுக்கல."

"ரிங் போனா பாறையிலதான் நிக்கிதுங்க."

"தலைப்பும் வேணாம், பட்டமும் வேணாம்க்கா. பிள்ளைங்க வீடு சேந்தாப் போதும்."

எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள்.

வெகுநேரம் கழித்து, கிளாவரையிலிருந்து முட்டைக்கோஸ் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"டீச்சர், பாறையில நின்ன பிள்ளைங்களை இறக்கி வீட்டுல விட்டுட்டேங்க. போனை எடுத்தா எழுதுன பதில் அழிஞ்சிரும்னு எடுக்கலையாம். பாதிதான் போயிருக்காம். மிச்சத்தை நாளைக்கு வெள்ளனே ஏறி அனுப்புறோம்னு சொல்லச் சொல்லுச்சுங்க."