தலைத்துணி சொன்ன சேதி

சிரிப்பு வரும் தீலமான் சார், கண்டிப்பா வரும். ஆனா இப்பவே சொன்னா கெட்டுப்போயிரும். உக்காருங்க. எனக்கே கால் போச்சு. நாலு மாசம் அந்தப் படத்துக்காக அசையாம உக்காந்தவ நான்தானே? கழுத்து இன்னும் திரும்பல.

அதோ தூணோரம் தூங்குறாங்களே, எங்க ஹெர்மீன் அத்தை, எழுப்பாதீங்க. ஒரே படத்த நாலு தடவை மாத்தி வரைஞ்ச கை.

முதல்ல படத்துல அவ கால்ல விலங்கு இருந்துச்சு. உடனே ஆம்ஸ்டர்டாம்லருந்து உங்க போன். க்ஹும்... ஹெர்மீன்... அருமை... ஆனா விருந்தாளிங்க சாப்பிடுற கூடம் பாருங்க, மனசு கனத்துடும்... க்ஹும். எப்படி சார், உங்க குரல் வந்துச்சா? இருமலோட பழகியிருக்கேன். விலங்கு போச்சு. அடுத்து தோள்ல சூடு போட்ட தழும்பு. பழைய கதை எதுக்குன்னீங்க. அதுவும் போச்சு. அப்புறம், கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னீங்க. சிரிச்சேன். தாடை வலி தாங்கல.

அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. எப்படியாவது உங்க பரம்பரை வீடான இந்த வீட்டுல, உங்க முப்பாட்டனோட தாத்தா படத்துக்கு நேர் எதிர்ல அவள மாட்டிரணும். அவ்வளவுதான் அவங்களுக்கு.

தலைத்துணி மட்டும் உங்களுக்குப் புடிச்சுப்போச்சு. ஆகா, என்ன மடிப்பு, இன்னும் பெருசா போடுங்கன்னீங்க. போட்டாங்க. காலையில ஒப்பந்தத்துல கையெழுத்தும் போட்டீங்க. இனி ஒரு கோடு மாத்தக்கூடாதுன்னு எழுத வச்சதும் நீங்கதான். அத்தை திரும்ப விலங்கு வரைஞ்சிருவாங்கன்னு பயமா?

சரி சரி, சொல்றேன். இந்தப் பரமாரிபோ ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் படத்தப் பாத்துட்டு, வாயப் பொத்திக்கிட்டு உங்களப் பாக்குறாங்க, ஏன்னுதானே கேட்டீங்க? அடிமைக் காலத்துல எங்காளுங்க வாயத் திறந்தா சவுக்கு. அதனால துணிக்குக் கஞ்சி போட்டு, மடிச்சு, தலையில கட்டிப் பேசினாங்க. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சேதி. முதலாளிங்க அழகுன்னு நினைச்சாங்க. இன்னைக்கும் விசேஷம்னா கட்டுறோம். சின்னப்புள்ளகூட படிச்சிரும்.

பெருசா போடச் சொன்னீங்களே, அந்த மடிப்பா? நாக்கு நீளமானவங்களுக்குன்னே கட்டுறது சார். பேசுறவன் பேசட்டும் விடுன்னு அர்த்தம்.

படத்துல இருக்குறவ யாருன்னு கடைசிவரைக்கும் நீங்க கேக்கல. அஃபீபா. எங்க பாட்டியோட பாட்டிக்குப் பாட்டி. உங்க நாற்காலி இருக்குல்ல, அங்க நிக்க வச்சுத்தான் உங்க முப்பாட்டனோட தாத்தா அவள வித்தாராம்.

ஏன் சார் எந்திரிச்சிட்டீங்க? இருமலக்கூட காணோம்...

ஆங். இப்பத்தான் நீங்க அவளப் பாக்குறீங்க.